டைனோவில் ஒரு ரீடிங், சாலையில் வேறொரு ரீடிங்: வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்கும் முழு வழிகாட்டி

டைனோவில், அதாவது வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் இயந்திரத்தில், டியூனிங் முடித்து வெளியே வந்த வண்டி, சாலையில் வேறு கணக்குச் சொல்வது அடிக்கடி நடப்பதுதான். டைனோவில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபோது லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு; 1 என்றால் சமநிலை, குறைந்தால் எரிபொருள் கூடுதல்) 0.86 என்று கோடு போட்டதுபோல நின்றிருக்கும். சாலையில் அதே ஆர்பிஎம்மில் 0.90 காட்டும். டைனோவில் ஒரு டிகிரிகூடக் குறையாத இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்), மேட்டில் ஏறும்போது நான்கு டிகிரி பின்வாங்கும். பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) 500 ஆர்பிஎம் முன்னதாகவே ஏறிவிடும். உடனே வண்டிக்காரருக்கு டியூனர் மேல் சந்தேகம், டியூனருக்கு வண்டிக்காரர் கொண்டுவந்த லாக் (ஓட்டத்தில் பதிவான ரீடிங்குகள்) மேல் சந்தேகம்.

பெரும்பாலும் இரண்டு ரீடிங்கும் உண்மையாகவே இருக்கும். எஞ்சின் இரண்டு இடங்களிலும் ஒரே வேலையைச் செய்யவில்லை. உள்ளே போகும் காற்றும் ஒன்றல்ல. அளக்கும் கருவியும் பல நேரம் ஒன்றல்ல. எந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிட்டால், எதைத் திருத்த வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிரிக்காமல் மேப்பில் (எஞ்சின் கணினியில் உள்ள எரிபொருள், டைமிங் அட்டவணைகள்) கை வைத்தால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாக ஆகும். இருக்கிற நோயும் மறைந்துகொள்ளும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். அளவைச் சரிபார்ப்பதற்கு முன் மேப்பைத் தொடக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை.

படி 1: குதிரைத்திறன் எண்ணை ஓரமாக வையுங்கள்

சேசிஸ் டைனோ எஞ்சினின் சக்தியை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் உருளையைத் தள்ளும் விசையையும் உருளை சுழலும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின் மேல் வானிலைத் திருத்தம் ஒன்று ஏறுகிறது. சில இடங்களில், கியர்பாக்ஸிலும் டயரிலும் இழந்த சக்தியை மதிப்பிட்டு அதையும் கூட்டி, ஃப்ளைவீல் சக்தி என்று அச்சிடுகிறார்கள். தாளில் தெரியும் பெரிய எண் இத்தனை கைகள் மாறி வந்தது. அதைச் சாலையில் ஜிபிஎஸ் செயலி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வானிலைத் திருத்தத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஸ்ஏஇ ஜே1349 முறையின் அடிப்படை 25 டிகிரி செல்சியஸ், ஈரம் நீக்கிய காற்றழுத்தம் 99 கிலோபாஸ்கல். ஐஎஸ்ஓ 1585 முறைக்கும் அதே அடிப்படைதான். டிஐஎன் 70020 முறைக்கு 20 டிகிரியும் 101.3 கிலோபாஸ்கலும். டைனோ தாளில் எஸ்டிடி என்று அச்சாகும் பழைய முறை 15.6 டிகிரியையும் 101.3 கிலோபாஸ்கலையும் எடுத்துக்கொள்கிறது. இதனால் அதே எஞ்சின், அதே ஓட்டத்தில், ஜே1349 எண்ணைவிட எஸ்டிடியில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். எஞ்சினில் ஒரு திருகுகூட மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அறையில் 35 டிகிரி வெப்பம், காற்றழுத்தம் 100.5 கிலோபாஸ்கல், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜே1349 சூத்திரப்படி திருத்த எண் சுமார் 1.043. உருளையில் 200 குதிரைத்திறன் அளந்தால் தாளில் 208 அல்லது 209 வரும். டைனோவின் வெப்பமானி சூடான மூலையில் மாட்டப்பட்டு, ஈரப்பத அளவு மாறாமல் வெப்பம் மட்டும் 10 டிகிரி அதிகமாகக் காட்டினால், திருத்தம் இன்னும் 2 சதவீதம் கூடும். சுவரில் மாட்டிய ஒரு சென்சர் நான்கு குதிரைத்திறனை உண்டாக்கிவிடுகிறது!

டர்போ வண்டிகளுக்கு இந்தத் திருத்தம் இன்னும் சிக்கலானது. காற்று மெலிந்தால் இசியூ (எஞ்சின் கணினி) வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) மூடி, கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. எஞ்சின் இழக்காத சக்தியைச் சூத்திரம் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் டைனோ தாளில் முதலில் தேட வேண்டியது திருத்தப்படாத எண்ணும், எந்த முறையில் திருத்தினார்கள் என்ற குறிப்பும்தான். இரண்டையும் குறித்துக்கொண்டு தாளை மடித்து வையுங்கள். இனி நமக்கு வேண்டியது லாம்டா, டைமிங், பூஸ்ட், உள்காற்று வெப்பம் ஆகிய நான்கு கோடுகள். எஞ்சின் பிழைக்குமா என்பதைச் சொல்வது இந்த நான்குதான்.

படி 2: எஞ்சின் எவ்வளவு நேரம், எவ்வளவு சுமையில் உழைத்தது என்று கேளுங்கள்

டைனோக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வகை டைனோ? எந்த கியரில் ஓட்டினீர்கள்? ஓர் ஓட்டம் எத்தனை விநாடி?

இனர்ஷியா வகை டைனோவில் கனமான உருளை ஒன்றை எஞ்சின் வேகப்படுத்துகிறது. சுமை என்பது அந்த உருளையின் நிறை மட்டுமே. உருளை, வண்டி எடையைவிடக் குறைந்த எடைக்குச் சமமாக இருந்தால், எஞ்சின் சாலையைவிட வேகமாக ஆர்பிஎம்மைக் கடந்து போய்விடும். அங்கே எதிர்க்காற்று கிடையாது, மேடும் கிடையாது. பிரேக் உள்ள எடி கரண்ட் வகை டைனோவில் சுமையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே ஆர்பிஎம்மில் எஞ்சினைப் பிடித்து நிறுத்தவும் முடியும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் பூட்டும் வகையில் டயரின் வழுக்கல் என்ற தொல்லையே இல்லை.

சாலையில் காற்றின் தடை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். முன்பரப்பையும் தடைக்கெழுவையும் பெருக்கினால் 0.65 சதுர மீட்டர் வரும் கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது, காற்றைப் பிளக்க மட்டும் சுமார் 300 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 11 குதிரைத்திறன். மணிக்கு 160 கிலோமீட்டரில் அதுவே 46 குதிரைத்திறனாக ஏறிவிடும். வேகம் இரட்டித்தால் காற்றுக்குக் கொடுக்கும் சக்தி எட்டு மடங்காகும் என்பதுதான் விதி. உயர்ந்த கியரில், ஆள் ஏற்றிய வண்டியில், சற்று மேடான சாலையில், எஞ்சின் அதே 3,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை போக டைனோவைவிடப் பல விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல் விநாடிகளில் பிஸ்டனும் வால்வும் ஸ்பார்க் பிளக்கும் எக்ஸாஸ்டும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

டர்போ எஞ்சினில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். ஆர்பிஎம் மெதுவாக ஏறினால் டர்போவுக்குச் சுழன்றெழ நேரம் கிடைக்கும். பூஸ்ட் குறைந்த ஆர்பிஎம்மிலேயே வரும். இங்கேதான் பலரும் தவறவிடும் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. டைனோவில் 3,000 ஆர்பிஎம்மைக் கடந்தபோது இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) அழுத்தம் 150 கிலோபாஸ்கல். சாலையில் அதே 3,000 ஆர்பிஎம்மில் 180 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப் என்பது ஆர்பிஎம்மும் சுமையும் சேர்ந்த கட்டங்கள். சாலையில் எஞ்சின் நிற்கும் கட்டம் வேறு. டைனோவில் எஞ்சின் அந்தக் கட்டத்துக்குள் நுழையவே இல்லை. அங்கே இருக்கும் எரிபொருள் எண், டியூனர் பக்கத்துக் கட்டத்திலிருந்து ஊகித்து நிரப்பியதாக இருக்கலாம். தொழிற்சாலையில் போட்டதாகவும் இருக்கலாம். 3,000 ஆர்பிஎம்மில் லாம்டா வேறாக இருக்கிறது என்று சண்டை போடுவதற்கு முன், அது அதே கட்டம்தானா என்று பாருங்கள்.

டர்போ இல்லாத எஞ்சினில் இந்த இடம் அவ்வளவு சிக்கல் இல்லை. முழு ஆக்சிலரேட்டரில் அழுத்தம் எங்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும்.

படி 3: உள்காற்றின் வெப்பத்தைத் துரத்துங்கள்

என் கணிப்பில், டைனோவும் சாலையும் முரண்படும் வழக்குகளில் முதல் குற்றவாளி இதுதான். அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். வண்டி ஓடும்போது காற்று தானாகவே எஞ்சினுக்குள் திணிக்கப்பட்டுச் சக்தி கூடுகிறது என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் 0.46 கிலோபாஸ்கல் மட்டுமே, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அதை மறந்துவிடலாம். எதிர்க்காற்றின் உண்மையான வேலை குளிர்விப்பதுதான். அந்த வேகத்தில் விநாடிக்கு 28 மீட்டர் வேகக் காற்று இன்டர்கூலரின் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) முகம் முழுவதும் மோதுகிறது. டைனோ அறையின் மின்விசிறி ஒரு பகுதியில் மட்டும் வேகமாக அடிக்கும். கொஞ்சம் தள்ளி வைத்தால் அதுவும் தளர்ந்துவிடும். இன்டர்கூலர் பானெட்டுக்கு அடியில், எஞ்சின் தலைமேல் இருக்கும் வண்டிகளில் பானெட்டைத் திறந்து வைத்து ஓட்டினால், காற்று வரும் வழியே போய்விடுகிறது.

நேர்மாறாகவும் நடக்கும். டைனோவில் முதல் ஓட்டத்தில் இன்டர்கூலரின் உலோகம் குளிர்ந்திருக்கும். பத்து விநாடி ஓட்டத்தில் வரும் சூட்டை அந்த உலோகமே விழுங்கிவிடும், குளிர்காற்று தேவைப்படாது. அந்த அழகான முதல் கோட்டை வைத்து டைமிங் போட்டிருந்தால், போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரம் நின்று சூடான வண்டி அந்த டைமிங்கைத் தாங்காது.

இனி சென்சர். இங்கே மிக அருகில் போய்ப் பார்க்க வேண்டும். காற்றோட்ட சென்சர் இல்லாமல், அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சின்களில், இசியூவுக்குக் காற்றின் வெப்பத்தைச் சொல்வது இன்டேக்கில் திருகியிருக்கும் சிறிய சென்சர். அது காற்றை மட்டும் அளப்பதில்லை. தான் திருகப்பட்டிருக்கும் உலோகத்தின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறது. ஐடிலில் நிற்கும்போது காற்றோட்டம் குறைவு. உலோகத்தின் சூடு சென்சருக்குள் ஏறிவிடும். உள்ளே போகும் காற்று உண்மையில் 40 டிகிரி. சென்சர் சொல்வது 55. காற்று மெலிந்துவிட்டது என்று நம்பி இசியூ எரிபொருளைக் குறைக்கும். எவ்வளவு? கெல்வின் கணக்கில் 313-ஐ 328-ஆல் வகுத்தால் 0.954. அதாவது 4.6 சதவீதம் குறைவு. 0.86-ஐ 0.954-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.90. முதல் பத்தியில் சொன்ன வித்தியாசம் அப்படியே வந்துவிடுகிறது. இதில் இன்ஜெக்டரிலும் பம்பிலும் மேப்பின் முக்கிய அட்டவணையிலும் எந்தக் குறையும் இல்லை. நின்று சூடேறிய சென்சர் 15 டிகிரி கூட்டிச் சொன்னது, அவ்வளவே.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. நன்றாக ஓடிச் சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மறுபடி கிளப்பி, மிதமான ஒரே சுமையில், ஒரே ஆர்பிஎம்மில், சில நிமிடங்கள் ஓட்டி லாக் எடுங்கள். லாம்டா சென்சரை வைத்து இசியூ தானே திருத்திக்கொள்ளும் நிலையில் இருந்தால், ஃபியூயல் டிரிம்மையும் (இசியூ எரிபொருளில் செய்யும் அந்தத் திருத்தத்தின் சதவீதம்) சேர்த்துப் பாருங்கள். உள்காற்று வெப்பம் 60-லிருந்து 40-க்கு இறங்கும்போது லாம்டாவோ டிரிம்மோ கூடவே நகர்ந்தால், கோளாறு வெப்பத் திருத்த அட்டவணையில். எரிபொருள் மேப்பைத் தொடாதீர்கள். தொட்டால், சூட்டில் சரியாக ஓடும் வண்டி குளிரில் புகைவிடும்.

காற்றோட்ட சென்சர் உள்ள எஞ்சின்களில் இந்தப் பிழை குறைவு. காற்றின் நிறையையே அது அளக்கிறது. ஆனால் பானெட் திறந்திருக்க, விசிறிக் காற்று நேராகத் திறந்த ஃபில்டரில் அடித்தால், குழாய்க்குள் காற்று சுழித்து அந்த ரீடிங் தடுமாறும். ஒப்பிடுவதற்காக எடுக்கும் டைனோ ஓட்டங்களில் ஒன்றையாவது பானெட்டை மூடி எடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: டைமிங் பின்வாங்கியது நாக்கிங்காலா, வெப்பத்தாலா?

சாலை லாக்கில் டைமிங் குறைந்திருப்பதைப் பார்த்ததும் நாக்கிங் என்று பதறுகிறவர்கள் உண்டு. கலவை தானாகவே வெடித்து பிஸ்டனை இடிக்கும் நாக்கிங் எஞ்சினைக் கொல்லக்கூடியது, பதற்றம் நியாயமானதே. ஆனால் இசியூ இரண்டு வெவ்வேறு காரணங்களால் டைமிங்கைக் குறைக்கும். உள்காற்று சூடானால், நாக்கிங் வரும் முன்பே, அட்டவணைப்படி சில டிகிரிகளைக் குறைத்துவிடும். அது காப்பு, கோளாறு அல்ல. நாக் சென்சர் ஓசை கேட்டுக் குறைப்பது வேறு. லாக்கில் இந்த இரண்டும் தனித்தனிப் பத்திகளாக வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மொத்த டைமிங் மட்டும் உள்ள லாக்கை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

நாக் பத்தியில்தான் குறைப்பு இருக்கிறது என்றால், அது எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆர்பிஎம்மில், அதே சுமையில் வந்தால் உண்மையான நாக்கிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். கரடுமுரடான சாலையில் மட்டும் வந்தால், தளர்ந்த ஹீட் ஷீல்டோ எஞ்சின் மவுன்டோ எழுப்பும் சத்தத்தை சென்சர் தவறாகக் கேட்டிருக்கலாம். பொய்ச் சத்தம் என்று நிரூபிக்கும் வரை அதை உண்மையாகவே நடத்துங்கள், டைமிங்கைக் கூட்டாதீர்கள். டாங்கில் இருக்கும் எரிபொருள் டைனோ நாளில் இருந்ததுதானா என்பதையும் இந்த இடத்தில் கேட்டுவிட வேண்டும். ஆக்டேன் குறைந்த எரிபொருள் நிரப்பியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

படி 5: இரண்டு லாம்டா மீட்டர்களையும் ஒன்றோடொன்று மோதவிடுங்கள்

டைனோ நிலையத்தின் வைட்பேண்ட் சென்சர் (எக்ஸாஸ்ட்டில் லாம்டாவை அளப்பது) பல இடங்களில் எக்ஸாஸ்ட் குழாயின் வால்முனையில் செருகப்படுகிறது. உங்கள் வண்டியில் பொருத்திய சென்சர் டர்போவுக்குப் பின்னால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

வால்முனையில் எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஐடிலிலும் குறைந்த சுமையிலும் அது கலவையை மெலிவாக (எரிபொருள் குறைவாக) காட்டும். முழுச் சுமையில், செருகு குழாய் ஆழமாக உள்ளே போயிருந்தால், பாதிப்பு குறைவு. நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரும் வாயுவின் கலவையை மாற்றிவிடுகிறது. முன்பகுதியில் கேஸ்கெட் கசிந்தால் அங்கேயும் காற்று புகுந்து மெலிவாகத் தெரியும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டாலும் எரியாத ஆக்ஸிஜன் சென்சருக்கு வந்து, எரிபொருள் போதவில்லை என்று பொய் சொல்லும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

தாமதம் இன்னொரு கணக்கு. சிலிண்டரை விட்டு வெளியேறிய வாயு வால்முனையை அடைந்து, சென்சர் அதை உணர 0.3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் விநாடிக்கு 600 ஆர்பிஎம் வீதம் ஏறுகிறது என்றால், 4,000 ஆர்பிஎம்மில் நடந்த மெலிவு தாளில் 4,180-இல் பதிவாகும். டியூனர் 4,180-ஐத் திருத்துவார். 4,000 அப்படியே இருக்கும். சாலையில் முன்னால் இருக்கும் உங்கள் சென்சர் அதைச் சரியான இடத்தில் காட்டும்.

காட்சி எண்ணிலும் கவனம் வேண்டும். லாம்டாவுக்குப் பதிலாகக் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் மீட்டர்கள் உண்டு. பெட்ரோலுக்கு என்று லாம்டாவை 14.7-ஆல் பெருக்கி ஒரு மீட்டர் 12.6 காட்டும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.1 என்று அமைத்த இன்னொரு மீட்டர் அதே கலவைக்கு 12.1 காட்டும். இரண்டுமே லாம்டா 0.86 தான். விகித எண்ணை விட்டுவிட்டு லாம்டாவிலேயே பேசினால் இந்தக் குழப்பம் முளைக்காது.

மின்கம்பியில் ஒளிந்திருக்கும் பிழை ஒன்றும் உண்டு. வைட்பேண்ட் மீட்டரிலிருந்து 0 முதல் 5 வோல்ட் வரை லாகருக்குப் போகும் கம்பியில், 10 முதல் 20 வரையிலான விகிதம் பரப்பப்பட்டிருந்தால், ஒரு வோல்ட்டுக்கு 2 புள்ளி. எர்த் இணைப்பு சரியில்லாமல் 0.1 வோல்ட் விலகினால் 0.2 புள்ளி தவறு, லாம்டாவில் 0.014. ரேடியேட்டர் விசிறியும் ஏசியும் விளக்கும் எரியும்போது அந்த விலகல் கூடும். டைனோவில் எல்லாவற்றையும் அணைத்து ஓட்டியிருப்பார்கள். சாலையில் இரவில் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். மீட்டரின் முகத்தில் தெரியும் எண்ணையும் லாக்கில் பதிவான எண்ணையும் விளக்கைப் போட்டும் அணைத்தும் ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சென்சரும் லாகரும் ஒரே எர்த் புள்ளியில் சேர வேண்டும்.

இத்தனையையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி: டைனோ நேரம் கிடைக்கும்போது, பிரேக் வசதி இருந்தால், ஒரே ஆர்பிஎம்மில் ஒரே சுமையில் சில விநாடிகள் பிடித்து, இரண்டு மீட்டர்களும் என்ன சொல்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த சுமை, நடுத்தரம், முழுச் சுமை என மூன்று இடங்கள் போதும். இனி உங்கள் சாலை எண்ணைப் படிக்கும்போது எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது தெரியும்.

படி 6: இசியூ கற்றுக்கொண்டதைப் பாருங்கள்

புதிய மேப்பை ஏற்றும்போதும் பேட்டரியைக் கழற்றும்போதும் பல இசியூக்களில் நீண்டகால ஃபியூயல் டிரிம் பூஜ்யத்துக்குப் போய்விடும். டைனோவில் ஓடியது அந்தப் பூஜ்ய நிலையில். பிறகு சில நாட்கள் சாலையில் நிதானமாக ஓட்டும்போது இசியூ கற்றுக்கொள்கிறது. இன்ஜெக்டர் அளவோ காற்றோட்ட அளவோ கொஞ்சம் தவறாக இருந்தால், 5 சதவீதம் கூட்டு என்று ஒரு பாடத்தைப் படித்துவைத்துக்கொள்ளும். சில இசியூக்கள் அதை முழு ஆக்சிலரேட்டருக்கும் எடுத்துச் செல்லும். 0.86 இப்போது 0.82 ஆகிவிட்டது. மேப்பில் யாரும் கை வைக்கவில்லை.

இதற்கு மருந்து முழுச் சுமை அட்டவணையில் இல்லை. சாதாரண ஓட்டத்தில் டிரிம் 3 சதவீதத்துக்குள் அடங்கும்வரை இன்ஜெக்டர் அளவையும் காற்றோட்ட அளவையும் முதலில் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே டைனோவில் முழுச் சுமை ஓட்டம். இந்த வரிசையை மாற்றிச் செய்யும் அவசரம்தான் பல மறுவேலைகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்த முதல் அரை விநாடியில் வரும் லாம்டா துள்ளலையும் தனியே ஒதுக்குங்கள். இன்டேக் சுவரில் படியும் எரிபொருளால் வருவது அது. டைனோ ஓட்டம் நிதானமாகத் தொடங்குவதால் அங்கே தெரியாது. அதற்கென்று தனி அட்டவணை உண்டு. முக்கிய மேப்பை அதற்காக மாற்றக் கூடாது.

படி 7: சின்னச் சின்னச் சந்தேகங்களைக் கழித்துக்கட்டுங்கள்

உருளையில் டயர் வழுக்கினால் ஆர்பிஎம் கோடும் சக்திக் கோடும் பொருந்தாமல் போகும். டயர் காற்றழுத்தமும் வண்டியைக் கட்டிவைக்கும் பெல்ட்டின் இறுக்கமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரு சக்கரம் மட்டும் சுழலும் டைனோவில், நிற்கும் சக்கரங்களைப் பார்த்து இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) குழம்பி டார்க்கைக் குறைக்கலாம். ஆக்சிலரேட்டர் பெடல் நூறு சதவீதத்தில் இருக்கும்போது திராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) முழுவதும் திறந்திருக்கிறதா என்று லாக்கில் பாருங்கள். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில் அது பூட்டிக்கொள்ளாமல் வழுக்கினால், உருளை வேகத்திலிருந்து கணக்கிட்ட ஆர்பிஎம் தவறு. டாங்கில் எரிபொருள் குறைவாக இருந்து, சாலை வளைவில் மட்டும் கலவை மெலிந்தால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. டைனோவில் வண்டி அசையாததால் இந்தக் குறை அங்கே ஒருபோதும் தெரியாது.

படி 8: சாலையில் லாக் எடுக்கும் முறை

முழு ஆக்சிலரேட்டர் ஓட்டத்துக்குப் பொதுச் சாலை இடமல்ல. பந்தயத் தடமோ மூடிய தனியார் தடமோ வேண்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். மடிக்கணினியைப் பார்க்க இன்னோர் ஆள் வேண்டும். பொதுச் சாலையில் எடுக்க முடிந்தது மிதமான சுமை லாக் மட்டுமே. வெப்பத் திருத்தத்தையும் டிரிம்மையும் சோதிக்க அதுவே தாராளம்.

பதிய வேண்டியவை: ஆர்பிஎம், இன்டேக் அழுத்தம், பெடல், திராட்டில், உள்காற்று வெப்பம், கூலன்ட் வெப்பம், இசியூ கேட்ட லாம்டா, கிடைத்த லாம்டா, மொத்த டைமிங், நாக் குறைப்பு, டிரிம்கள், பேட்டரி வோல்ட்டேஜ். ஓபிடி (வண்டியில் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் சாக்கெட்) வழியாக எடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால், ஒவ்வொன்றும் விநாடிக்கு இரண்டு முறைதான் வரக்கூடும். விநாடிக்கு 600 ஆர்பிஎம் ஏறும் ஓட்டத்தில் அது 300 ஆர்பிஎம்முக்கு ஒரு புள்ளி. நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. விநாடிக்குக் குறைந்தது பத்துப் புள்ளியாவது வரும்படி, தேவையானவற்றை மட்டும் வைத்து இரண்டு மூன்று ஓட்டங்களாகப் பிரித்து எடுங்கள்.

டைனோவில் ஓட்டிய அதே கியரில் ஓட்டுங்கள். வேகம் இடம் தராவிட்டால் ஒரு கியர் குறைத்து, குறிப்பில் எழுதிவிடுங்கள். ஒரே தடத்தில் இரு திசையிலும் எடுங்கள். 1,400 கிலோ வண்டிக்கு வெறும் 1 சதவீத மேடு, மணிக்கு 100 கிலோமீட்டரில், சுமார் 5 குதிரைத்திறனைக் கேட்கும்; கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் சாலையிலும் அந்தச் சரிவு இருக்கும்.

படி 9: இரண்டு லாக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

திராட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரிகளை மட்டும் எடுங்கள். மிதித்த பின் முதல் அரை விநாடியை நீக்குங்கள். மீதியை 250 ஆர்பிஎம், 10 கிலோபாஸ்கல் கொண்ட கட்டங்களாகப் பிரியுங்கள். இரண்டு லாக்கிலும் புள்ளிகள் உள்ள கட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலில் ஒப்பிட வேண்டியது கிடைத்த லாம்டா அல்ல, இசியூ கேட்ட லாம்டா. கேட்டதே வேறாக இருந்தால், எக்ஸாஸ்ட்டைச் சூட்டிலிருந்து காக்கவோ வேறு காரணத்துக்காகவோ இசியூ வேண்டுமென்றே மாற்றியிருக்கிறது. அளவில் பிழை இல்லை. கேட்டது ஒன்றாக இருந்து கிடைத்தது வேறானால், மீட்டர் வித்தியாசத்தைக் கழித்த பிறகு, உள்காற்று வெப்பத்தைப் பாருங்கள். அது வேறென்றால் படி 3. வெப்பமும் ஒன்றென்றால் டிரிம்மைப் பாருங்கள், படி 6. அதுவும் ஒன்றென்றால் எரிபொருள் அழுத்தத்தையும் வோல்ட்டேஜையும் சோதிக்க வேண்டிய நேரம். அது இயந்திரக் கோளாறு, டியூனிங் அல்ல. லாம்டாவில் 0.02, டைமிங்கில் ஒரு டிகிரி வரையிலான வித்தியாசத்தை நான் ஒன்றாகவே எடுத்துக்கொள்வேன். அதற்குக் கீழே துரத்துவது வீண் வேலை.

சாலை லாக்கில் மட்டும் புள்ளிகள் இருந்து டைனோ லாக்கில் வெறுமையாக இருக்கும் கட்டங்களைத் தனியே குறியுங்கள். டியூனரிடம் திரும்பக் கொண்டுபோக வேண்டிய பட்டியல் அதுதான். பிரேக் உள்ள டைனோவில் அந்த 3,000 ஆர்பிஎம், 180 கிலோபாஸ்கல் கட்டத்தில் எஞ்சினைச் சில விநாடிகள் பிடித்து நிறுத்தி எரிபொருளையும் டைமிங்கையும் சரியாக அமைக்க முடியும். போகும்போது இரண்டு லாக் கோப்புகளோடு அன்றைய வெப்பம், கியர், எரிபொருளின் ஆக்டேன், டயர் காற்றழுத்தம், ஏசி ஓடியதா இல்லையா என்ற குறிப்பையும் கொடுங்கள். கடைசி ஓட்டத்தை, வண்டியைப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு இன்டேக் நன்றாகச் சூடேறிய பிறகு, பானெட்டை மூடி எடுக்கச் சொல்லுங்கள்.